எல்லாம் பச்சை

மார்ச் 3, திங்கள்

பீரோ ஐந்து. கோப்புகள் முந்நூற்றுப் பதினாறு. இன்றைக்கு எண்ணி முடித்தேன். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது.

ஏப்ரல் ஒன்றிலிருந்து தரப்பிரிவில் காகிதம் கிடையாது, எல்லாம் மென்பொருள். மேலாளர் கூட்டத்தில் அறிவித்துவிட்டு என்னைப் பார்த்தார். அறிவிப்பது அவர் வேலை, செய்வது என் வேலை. இதில் குறைப்பட்டுக்கொள்ளவும் வழியில்லை, இரண்டு வருடமாக நச்சரித்து இதை வாங்க வைத்ததே நான்தான். ஒழுங்காக நடந்தால் தரப்பிரிவுத் தலைவர் நாற்காலி எனக்கு என்று சொல்லியிருக்கிறார். ஒரு வருடமாகக் காலியாகக் கிடக்கும் நாற்காலி. இப்போது அதில் ஒரு பழுதான பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

ஏன் நச்சரித்தேன் என்று எழுதி வைக்கிறேன். பிறகு எனக்கே மறந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கையாளர் வந்தார். நாங்கள் செய்வது எரிவாயு உருளைக்கான பித்தளை வால்வு. உள்ளே ரப்பர் வளையம் உட்கார, டூல் என்கிற வெட்டுமுனையால் ஒரு பள்ளம் வெட்டுவோம். அதன் ஆழம் 2.40இலிருந்து 2.50 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் வளையம் பிடிக்காது, வாயு கசியும். மணிக்கு ஒரு முறை ஆய்வாளர் ஐந்து வால்வுகளை அளந்து மஞ்சள் தாளில் எழுதுவார்.

தணிக்கையாளர் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். அதில் 2.51 என்ற எண்ணைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். ஓரத்தில், "டூல் மாத்தியாச்சு." அதற்குக் கீழே, "சாவி செருப்பு ஸ்டாண்டுல. பால் வாங்கிட்டுப் போ." அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இங்கே பாலையும் பரிசோதிக்கிறீர்களா என்று கேட்டார். அறையே சிரித்தது. எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

எழுதியது என் அண்ணி. எழுதப்பட்டது எனக்கு. அண்ணன் லாரியோடு மாதத்தில் இருபது நாள் வெளியே. அண்ணியை இங்கே ஆய்வாளராகச் சேர்த்துவிட்டது நான்தான், பதினொரு வருடம் ஆகிறது. ஒரே வீடு, அவர்கள் கீழே, நாங்கள் மாடியில். ஷாப்பில், அதாவது மெஷின்கள் ஓடும் கூடத்தில், போன் கூடாது. மஞ்சள் தாள்கள் மாலையில் என் மேசைக்கு வரும். ஆகவே அந்த ஓரம் அண்ணிக்கு அஞ்சல் பெட்டி.

மென்பொருளில் ஓரம் இருக்காது. அதுவே பாதி நிம்மதி.

மார்ச் 12, புதன்

மென்பொருள் கம்பெனி ஆள் வந்திருக்கிறார். முப்பது முப்பத்தைந்து வயது, கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்போன். எதைக் கேட்டாலும் "பண்ணிக்கலாம் மேடம்." கட்டத்தின் நிறம் மாற்ற வேண்டுமா, பண்ணிக்கலாம். வரிசை மாற்ற வேண்டுமா, பண்ணிக்கலாம். நாங்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுவே. விதிகளை நாமே அமைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்த மென்பொருளின் பெருமையாம்.

அமைத்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போனது. ஆனால் இரண்டு விதிகளை நினைத்தால் எனக்கே என் முதுகில் தட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

முதல் விதி, அளவு எல்லை தாண்டினால் திரை சிவந்து பூட்டிக்கொள்ளும், மெஷினும் நிற்கும். சூப்பர்வைசர் நேரில் வந்து, பாஸ்வேர்டு போட்டு, ஏழு கட்டம் நிரப்பினால்தான் திறக்கும். பென்சிலில் வட்டம் போட்டுவிட்டு நகரும் கதை இனி நடக்காது. இரண்டாவது, ஒரு லாட்டில், அதாவது சேர்த்து அனுப்பும் ஒரு தொகுப்பில், செய்த எண்ணிக்கையும், நல்லது, கழிவு இரண்டின் கூட்டும் பொருந்தாமல் லாட்டை மூட முடியாது. ஒரு வால்வுகூடக் கணக்கில் வராமல் வெளியே போகாது.

பண்ணிக்கலாமே அசந்துபோனார். இவ்வளவு கறாராக யாரும் போட்டதில்லையாம்.

மார்ச் 20, வியாழன்

பன்னிரண்டு டேப்லெட் வந்து இறங்கின. எண்ணெய் பட்ட விரலை அது மதிப்பதில்லை. கையுறை போட்ட விரலை விரலாகவே சேர்த்துக்கொள்வதில்லை.

மார்ச் 27, வியாழன்

பயிற்சி நாள். நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பின்வரிசையில் ஒருவர் டேப்லெட்டில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேக்கிங் அக்கா திரையைத் தொடப் பயப்படுகிறார், உடைந்தால் யார் பொறுப்பு என்று மூன்று முறை கேட்டார். அண்ணி மட்டும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். கடைசியில் கை தூக்கி, "மேடம், ஓரம் எங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஷாப்பில் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார், கண்ணில் கேலியோடு.

மிச்சமிருந்த வெற்று மஞ்சள் தாள்களைக் குப்பைக்குப் போடச் சொன்னேன். நான்கு கட்டு.

ஏப்ரல் 1, செவ்வாய்

தொடங்கிவிட்டோம். காலை எட்டு மணிக்கு முதல் பதிவு.

பதினொன்றரைக்கு மேலாளர் கூப்பிட்டார். எல்லாம் அருமை, ஒரு பாதுகாப்புக்காகத் தினமும் எல்லாத் திரையையும் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் வைத்துவிடுங்கள் என்றார். காகிதத்தை ஒழிப்பதற்காக இதைச் செய்கிறோம் என்றேன். ஆமாம் ஆமாம், இது காகிதம் இல்லையே, பிரிண்ட்தானே என்றார்.

அந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஏப்ரல் 3, வியாழன்

அண்ணியோடு வாய்த்தகராறு. அதுவும் ஷாப்பில், நாலு பேர் முன்னால்.

நாலாம் நம்பர் மெஷின் காலையில் மூன்று முறை பூட்டிக்கொண்டதாம். ஒவ்வொரு முறையும் சூப்பர்வைசர் அடுத்த ஷெட்டிலிருந்து வர இருபது நிமிடம். இரண்டு ஷெட்டுக்கும் அவர் ஒருவர்தான். அண்ணி நேராக நான் நின்ற இடத்துக்கே வந்துவிட்டார்.

"மெஷின் நின்னா அவர் எங்களத்தான் கத்துறார். தப்பு அளவு வந்தா தப்பில்ல, அத எழுதுனாதான் தப்புங்கற மாதிரி ஆயிடும். பாத்துக்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி அண்ணி, பார்க்கிறேன் என்று. என்ன சொன்னேன்? "பழைய பழக்கத்த விடுங்க அண்ணி. இது தர ஆவணம், பால் கணக்கு இல்ல." சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் ஆழம் அளக்கும் டெப்த் கேஜைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

மாற்றத்தை எதிர்ப்பவர்கள் எப்போதும் ஏதாவது காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 10, வியாழன்

இந்த வாரம் ஒரே ஒரு பூட்டு. பழகிவிட்டார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

மாதக் கூட்டத்தில் பெரிய திரையில் என் வரைபடத்தைப் போட்டார்கள். பத்து மெஷின், இரண்டு வாரம், ஒரு சிவப்புகூட இல்லை. எல்லாம் பச்சை. 2.45, 2.45, 2.45 என்று ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஒரே கோடு. மேலாளர் எழுந்து கை தட்டினார், அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். நாற்காலியிலிருந்து பிரிண்டரை இறக்கச் சொல்லிவிட்டாராம்.

இவ்வளவு நேராகவா? டூல் தேயத் தேய அளவு கொஞ்சமாவது மாறுமே என்று ஒரு கணம் தோன்றியது. புது டூல் வாங்கினோமே, அதனால் இருக்கும்.

கணவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் மருந்துக்கடைக்காரர். "நாடித் துடிப்பு இப்படி இருந்தா ஆள் போயிட்டான்னு அர்த்தம்" என்றார். எப்போது பார்த்தாலும் கிண்டல்.

மே 6, செவ்வாய்



வாடிக்கையாளரிடமிருந்து கடிதம். ஏப்ரல் 22இல் செய்த லாட், இரண்டாயிரம் வால்வு. அவர்களுடைய சோதனையில் முப்பத்தெட்டு கசிந்திருக்கிறது. சோதனையிலேயே பிடித்துவிட்டார்கள். பிடிக்காமல் யார் வீட்டு அடுப்படிக்காவது போயிருந்தால்? அதை நினைக்க மறுக்கிறேன்.

மூல காரணம் என்ன என்று பத்து நாளுக்குள் எழுத்தில் வேண்டுமாம். அதுவரை எந்தச் சரக்கும் எடுக்க மாட்டார்கள்.

மே 7, புதன்

திருப்பி அனுப்பிய முப்பத்தெட்டையும் நானே அளந்தேன். 2.53, 2.54, ஒன்று 2.55.

திரையில் அந்த லாட்டைத் திறந்தேன். எட்டு மணி 2.45. ஒன்பது 2.45. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, எல்லாம் 2.45. எல்லாம் பச்சை. கழிவு பூஜ்யம். நாலாம் நம்பர் மெஷின். பதிவு செய்தவர், என் அண்ணி.



மே 8, வியாழன்

மேலாளர் அறை. நான், சூப்பர்வைசர், அண்ணி. மேலாளர் டேப்லெட்டை அண்ணி பக்கம் திருப்பி, இது நீங்கள் போட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றார். அளந்தீர்களா? அளந்தேன் என்றார். அளந்தால் 2.53 எப்படி 2.45 ஆகும்? அண்ணி சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அண்ணி என்னைப் பார்த்தார்.

நான் மேசையைப் பார்த்தேன்.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆய்வாளரின் கவனக்குறைவு, ஆய்வாளர் நீக்கப்பட்டார், மற்றவர்களுக்கு மறுபயிற்சி. இந்த மூன்று வரியை அறிக்கையாக எழுதினால் வாடிக்கையாளர் வாயை அடைத்துவிடலாம் என்கிறார் மேலாளர். எழுத வேண்டியது நான்.

ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வாயில் என்ன இருந்தது, கொழுக்கட்டையா?

மே 9, வெள்ளி

மாலையில் கீழே இறங்கினேன். பதினெட்டுப் படி, ஒவ்வொன்றிலும் நின்று நின்று. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். அலமாரியைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்தார்.

மஞ்சள் தாள். நான் குப்பைக்குப் போடச் சொன்ன மஞ்சள் தாள்.

ஏப்ரல் முழுவதும், மணிக்கு மணி, பென்சிலில் உண்மையான அளவுகள். தினமும் நாலாய் மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். ஏப்ரல் 22, பதினொரு மணி, 2.53, சுற்றி வட்டம். ஓரத்தில், "சூப்பர்வைசர் ரெண்டாவது ஷெட்ல. போய்க் கேட்டதுக்கு ரெண்டு புள்ளி நாலு அஞ்சுன்னு போட்டுட்டு ஓட்டுன்னார். டூல் மாத்தியாச்சு. 38 பீஸ் சிவப்பு டப்பால."

முப்பத்தெட்டு. அவர் ஒவ்வொன்றாக அளந்து பொறுக்கி ஒதுக்கி வைத்த முப்பத்தெட்டு. திரும்பி வந்ததும் அதே முப்பத்தெட்டு. மிச்சம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் ஒன்றில்கூடக் குறை இல்லை.

அதை ஏன் நேற்றே மேலாளரிடம் காட்டவில்லை என்றேன்.

"நீங்கதான் சொன்னீங்களே மேடம், பழைய பழக்கத்த விடச் சொல்லி."

வீட்டில் மேடம். பதினொரு வருடத்தில் முதல் முறை.

மே 10, சனி

சிவப்பு டப்பாவில் இருந்தது லாரிக்கு எப்படிப் போனது? பேக்கிங் அக்காவிடம் கேட்டேன். மறைக்கவே இல்லை, பெருமையாகச் சொன்னார்.

"லாட்ட மூட விடல மேடம். செஞ்சது ரெண்டாயிரம், கழிவு சைபர்னு காட்டுது, கையில முப்பத்தெட்டு குறையுது. லாரி நிக்குது. சிவப்பு டப்பால சரியா முப்பத்தெட்டு இருந்துச்சு. எடுத்துப் போட்டேன், பச்சையாயிடுச்சு."

நான் பயிற்சியில் சொன்னதை அப்படியே கடைப்பிடித்திருக்கிறார். எண்ணிக்கை பொருந்தாமல் மூடக்கூடாது.

திரை பூட்டிக்கொள்ளும் என்று பயந்து பொய் எழுத வைத்தது என் முதல் விதி. எல்லா அளவும் 2.45 என்று போட்டால் கழிவு என்று எதையும் காட்ட முடியாது. அந்தப் பொய்க்கு ஏற்றபடி கெட்ட வால்வை நல்லதோடு கலக்க வைத்தது என் இரண்டாம் விதி. முதுகில் தட்டிக்கொண்டேனே அந்த இரண்டு விதி. சூப்பர்வைசர் சொன்னது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவரை அப்படிச் சொல்ல வைத்தது எது? ஏப்ரல் 3ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அண்ணி வரி பிசகாமல் இதைத்தான் சொல்லியிருக்கிறார். நான் என் கைப்பட எழுதியும் வைத்திருக்கிறேன்.

மே 12, திங்கள்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுதுகிறேன்.

பண்ணிக்கலாமுக்குப் போன் செய்தேன். விதிகளை யார், எந்தத் தேதியில் போட்டார்கள் என்ற பதிவு உள்ளே இருக்குமே, அதை அங்கிருந்து நீக்கிவிட முடியுமா என்று கேட்டேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.



"அது மட்டும் பண்ண முடியாது மேடம்."

போனை வைத்த பிறகு காது சுட்டது. வெட்கக்கேடு. இத்தனைக்கும் அப்படி ஒரு பதிவு இருப்பது மேலாளருக்குத் தெரியவே தெரியாது. யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

மே 13, செவ்வாய்

மேலாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார், அறிக்கை எங்கே என்று. ஜூனில் நாற்காலி விஷயத்தை முடித்துவிடலாம் என்று அதே மூச்சில் சொன்னார்.

"ஆய்வாளரின் கவனக்" வரை தட்டச்சு செய்தேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். மறுபடி அழித்தேன்.

மே 14, புதன்

என்னத்த எழுதறது. நிஜத்த எழுதுனா பதினேழு வருஷம் போச்சு. எழுதலேன்னா அண்ணி வேலை போச்சு, பேரும் போச்சு, அவங்க இனி எந்தக் கம்பெனில போய் அளக்கறது? அண்ணன் ஞாயித்துக்கிழமை வரான். என்னன்னு சொல்லுவேன் அவன்கிட்ட? உன் பொண்டாட்டி ஒண்ணும் தப்பு பண்ணல, நான் நாற்காலிக்காக வாய மூடிக்கிட்டேன்னா? ஒரு அளவு எல்லை தாண்டிச்சுன்னா எழுதணும். அதத்தானே பதினேழு வருஷமா மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுத்து சம்பளம் வாங்குறேன். இப்ப எல்லை தாண்டினது நான். எழுது பாப்போம்.

மே 15, வியாழன்

எழுதிவிட்டேன்.

காகிதத்தில் இல்லை. மென்பொருளில் குறைபாட்டு அறிக்கை என்று ஒரு படிவம் உண்டு. நான்தான் அமைத்தேன், இதுவரை யாரும் திறந்ததில்லை. மூல காரணம் என்ற கட்டத்தில் இரண்டு விதிகளையும், அவற்றைப் போட்ட தேதியையும், ஏப்ரல் 3இல் ஆய்வாளர் எச்சரித்ததையும், தரப்பிரிவு அதைக் காதில் போட்டுக்கொள்ளாததையும் எழுதினேன். மஞ்சள் தாளைப் படம் எடுத்து இணைத்தேன். பொறுப்பு என்ற கட்டத்தில் என் பதவியைப் போட்டேன். பொத்தானை அழுத்தியதும் திரை சிவந்தது. மேலாளருக்கும் வாடிக்கையாளருக்கும் ஒரே நேரத்தில் போகும்படி அமைத்ததும் நான்தான்.

மே 16, வெள்ளி

மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இப்படி ஒரு அறிக்கையை இதுவரை எந்தக் கம்பெனியும் அனுப்பியிருக்காது, இத்தோடு ஆர்டர் போயிற்று என்று மெல்லிய குரலில் சொன்னார். பிறகு, "உங்கள நம்பினேன்" என்றார்.

நானும்தான் என்னை நம்பினேன்.

மே 19, திங்கள்

வாடிக்கையாளரிடமிருந்து பதில். ஆர்டர் போகவில்லை. இரண்டு விதிகளையும் மாற்றிவிட்டுக் காட்டுங்கள், பிறகு சரக்கு எடுக்கிறோம் என்கிறார்கள். அறிக்கையைப் பற்றிப் பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை.

அண்ணியை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சூப்பர்வைசருக்கு எச்சரிக்கைக் கடிதம். எனக்கும் ஒன்று. தலைவர் நாற்காலி உற்பத்திப் பிரிவு ஆளுக்கு. அவருக்கு டெப்த் கேஜில் எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. போகட்டும். இல்லை, போகட்டும் என்று எழுதுகிறேனே தவிர, எரிகிறது.

மாலையில் கீழே போய் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பெல்லாம் எதுக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். அண்ணன் என்னைப் பார்த்தான், அவர் போன திசையைப் பார்த்தான், செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

ஜூன் 3, செவ்வாய்

புது விதிகள். எல்லை தாண்டினால் பூட்டு கிடையாது. சிவப்பை ஒரு தொடு, எத்தனை ஒதுக்கினோம் என்று ஒரு எண், அவ்வளவுதான். ஏழு கட்டத்தை ஷிஃப்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் தன் மேசையில் நிரப்பட்டும். ஒதுக்கிய எண்ணிக்கை தானாகக் கழிவில் ஏறும்.

அமைக்கும்போது அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கையுறையோடு தொட்டுப் பார்த்து, பொத்தான் பெரிதாக வேண்டும் மேடம் என்றார். பெரிதாக்கினேன். இன்னும் என்றார். இன்னும் பெரிதாக்கினேன். வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சில்லை.

அவர் போன பிறகு கடைசியில் ஒரு கட்டம் சேர்த்தேன். எதையும் எழுதலாம், எழுதாமலும் விடலாம். அதற்குப் பெயர் வைக்கச் சொல்லி மென்பொருள் கேட்டது. "ஓரம்" என்று வைத்தேன்.

ஜூன் 11, புதன்

இன்று ஒன்பது சிவப்பு. மேலாளருக்கு முகம் சுண்டிவிட்டது. ஏப்ரலில் எவ்வளவு அழகாக இருந்தது என்கிறார். ஒரு மணி நேரம் விளக்கினேன். தலையாட்டினார். பிரிண்ட் எடுத்து வைக்கச் சொன்னார்.

ஓரத்தில் யாரும் ஒன்றும் எழுதவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பதினொரு சிவப்பு. வரைபடம் மலைப்பாதை மாதிரி ஏறி இறங்குகிறது. ஐந்து மணிக்குக் கடைசியாக ஒருமுறை புரட்டிக்கொண்டிருந்தேன். நாலாம் நம்பர் மெஷின், மூன்று மணிப் பதிவு. 2.51. ஒதுக்கியது 6. ஓரம் என்ற கட்டத்தில் எழுத்து இருந்தது.

"டூல் மாத்தியாச்சு. சாவி செருப்பு ஸ்டாண்டுல. பால் வாங்கிட்டுப் போ."

அடுத்த மாதம் தணிக்கை. இந்த மென்பொருளில் ஒரு முறை பதிவானதை யாராலும் அழிக்க முடியாது. தணிக்கையாளர் கேட்டால் ஆமாம், பாலும் உண்டு என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

வாங்கிக்கொண்டு போனேன்.